சாமைக் களத்து வேலிப் பெட்டி

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் கல்லூரி கேன்டீனில் இந்த ருசி வராது.

அங்கே நான் சீமாஸ் இன்வெர்ட்டர் பாடம் நடத்துகிறேன். கரண்ட் போனால் வீட்டில் ஓடுமே, அது இல்லை. இது சிப்புக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச். உள்ளே ஒன்று கொடுத்தால் வெளியே பூஜ்யம் வரும். ஆனால் உடனே வராது. வெளிமுனையில் தேங்கிய மின்னூட்டம் வடிந்த பிறகுதான் புரளும். மின்னூட்டத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் ஒன்றை அங்கே பெரிதாக வைத்தால் தாமதமும் பெரிதாகும்.

என் அண்ணன் மாதையன் நெல்லிவாசல்நாட்டில் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். என் மகள் நதியாவைப் பாம்பு கடித்த அன்று அதில்தான் மலையிறங்கினோம். வழியெல்லாம் ஆட்கள் கைகாட்டினார்கள். எங்கள் பக்கம் வேறு வண்டி கிடையாது. நிற்பவரை விட்டுப் போகிற பழக்கமும் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் ஜீப் நின்றது. அடிவாரம் வருவதற்குள் அண்ணி சசிகலாவின் மடியில் குழந்தை அடங்கிவிட்டாள். இன்றும் கண்ணை மூடினால் அந்த பிரேக் சத்தம் கேட்கிறது.

போன அறுவடையில் அண்ணன் பன்றிக்குப் பயந்து சாமைக் களத்தைச் சுற்றி மின்கம்பி இழுத்தார். "ஆளு பட்டா ஒடனே கரண்ட் நின்னுடணும்டா ஜீவா. நீதான் ஒரு பெட்டி செஞ்சு குடுக்கணும்" என்றார். செய்து கொடுத்தேன். ஆள் பட்டதும் கரண்டை நிறுத்தச் சொல்வது அதற்குள் இருந்த அந்தச் சின்ன இன்வெர்ட்டர்தான். எல்லோர் முன்னாலும் கம்பியைத் தொட்டுக் காட்டினேன். அண்ணியும் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "எறும்பு கடிச்ச மாரிதான் கீது தம்பி."

பிறகு ஒருநாள் பெட்டியைத் திறந்து, இன்வெர்ட்டரின் வெளிமுனையில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தேன்.

களத்துக்குள் எங்கள் ஆட்கள் செருப்போடு போகமாட்டார்கள். விடிந்ததும் சாணம் தெளிக்க முதலில் போவது அண்ணிதான். வெறுங்கால், அதுவும் ஈரக்கால். பெட்டியை நம்பிக் கம்பியைக் கையாலேயே விலக்குவார். எல்லாம் எனக்குத் தெரியும். அண்ணியின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் அண்ணனுக்கு அவர்தான் உயிர்.

மின்சாரம் நின்றது ஐயா. பிந்தித்தான் நின்றது. அண்ணியை ஜீப்பில் போட்டுக்கொண்டு அண்ணன் இறங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் கைகாட்டினார்கள். ஜீப் எங்கேயும் நிற்கவில்லை. அப்படியும் அண்ணி பிழைக்கவில்லை. ஆனாலும் நிற்காமல் போக முடியும் என்பதை நான் பார்த்துவிட்டேன். எனக்கு வேண்டியது அதுதான்.

நேற்று அண்ணன் இங்கே வந்தார். திட்டவில்லை. "நதியாவக் கொண்டு போன அன்னிக்கு ஒவ்வொரு எடத்துலயும் ஏத்திக்கவான்னு ஒன்னைத்தானேடா கேட்டேன்" என்றார்.

கேட்டார்தான். ஊர் ஏதாவது சொல்லும் என்று நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன். ஆனால் ஐயா, ஜீப்பை ஓட்டியது அவர்.