பூச்சு வேண்டாத சுவர்

— கரண்டியக் கீழ வைங்க மேஸ்திரி. என் வீட்டுச் சுவத்துக்குப் பூச்சு வேண்டாம்.

— என்னக்கா, புதுக் கதையா இருக்கு? வரிசையில இருக்குற அத்தன பேரும் "மழமழன்னு பூசு, வழவழன்னு பூசு"ன்னு என் உயிர வாங்குறாங்க. நீங்க மட்டும் கல்லு பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கட்டும்ங்கறீங்க!

— நிக்கட்டும்.

— சொல்றேன் பாருங்க, மழை பெஞ்சா ஈரம் இறங்கும். அதுவுமில்லாம கம்பெனிப் பெரியவங்க சாவி குடுக்க வர்றாங்க. பச்ச பெயிண்ட் அடிச்சு, இலை படம் போட்டு, அதுக்கு முன்னால உங்கள நிறுத்தி போட்டோ எடுக்கணுமாம்.

— வெளிப்பக்கம் என்ன வேணா பண்ணிக்கட்டும். உள்பக்கம் மட்டும் தொடாதீங்க.

— நல்ல ஆளு நீங்க. ஆமா, உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். போன வாரம், முன்னாடியே கட்டி முடிச்சுக் குடிவந்த மேல் வரிசையில எங்க வீட்டுக்கு வந்து தண்ணி கேட்டது நீங்கதானே? சொம்ப கையில வாங்கிட்டுக் குடிக்கவே இல்லையாமே. சுவத்துல கைய வெச்சுக்கிட்டு அப்படியே நின்னீங்களாம்.

— நான்தான்.

— பக்கத்து வீடுகள்லயும் அதே மாதிரி தண்ணி கேட்டிருக்கீங்க. என் வீட்டுக்காரி பயந்துட்டாக்கா. பச்ச உடம்புக்காரி.

— பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. உங்க வீடும் இதே சாம்பக் கல்லுதானே?

— எல்லாமே இதுதான். கரண்ட் கம்பெனிக்குப் பின்னால சாம்பல் ஏரி கெடந்துச்சே, அத மொத்தமா அள்ளிக் கல்லாக்கிட்டாங்க. கட்டுற எனக்கும் ஒரு வீடு ஒதுக்கினாங்கன்னா பாத்துக்குங்க. விருதுகூட வாங்கிட்டாங்களாம்.

— கேட்டுல போர்டு பாத்தேன். "எதுவும் வீணாகவில்லை"ன்னு எழுதியிருக்கு.

— நல்ல காரியம்தானேக்கா? காத்தடிச்சா சோத்துல வந்து விழுந்த சனியன், இன்னிக்கு வீடா நிக்குது.

— நல்ல காரியந்தான். நான் இல்லைங்கல. அந்த ஏரிக்குள்ளதான் எங்க வீட்டுக்காரர் இருந்தாரு.

— என்னக்கா சொல்றீங்க?

— சாம்பத் தண்ணி வந்து விழுற குழாய் அடைச்சிருக்கு, போய்ப் பாருன்னு அனுப்பினாங்க. மேல காஞ்ச தரை மாதிரிதான் தெரியும். கால வெச்சா உள்ள வாங்கிடும். கூடப் போனவரு திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆளக் காணோம்.

— அவரு யாரோடயோ ஓடிப்போயிட்டதாத்தானே... மன்னிச்சுக்கங்கக்கா. ஊர்ல பேசிக்கிட்டது.

— ஊருக்குச் சொன்னதே கம்பெனிதான். உடம்பு கிடைக்கலையே, அதனால செத்தாருன்னு ஒத்துக்க மாட்டோம்னுட்டாங்க. கூடப் போனவரும் எதையும் பாக்கலன்னுட்டாரு. அவரும் புள்ளகுட்டிக்காரர். "ஏரிய ஒருநாள் காலி பண்ணுவோம்மா, அப்பத் தெரிஞ்சிடும்"னாங்க. நம்பினேன். அந்தக் கரையில உக்காந்தேதான் எம் பொண்ண வளத்தேன். காலியும் பண்ணாங்க. மெஷின் அள்ளுச்சு, லாரி போச்சு. ஒருத்தரும் குனிஞ்சு பாக்கல.

— அதான் வீடே வேண்டாம்னு இத்தன காலம் ஒத்தக் கால்ல நின்னவங்க, இப்ப சரின்னு சொன்னீங்களா?

— இங்கதான் இருக்காருன்னு தெரிஞ்சப்புறம் எப்படி வேண்டாம்ங்கறது? எந்தக் கல்லுங்கறதுதான் தெரியல. கைய வெச்சாத் தெரியும்னு நெனச்சேன். தெரியல.

— ஐயோ. காலையிலேர்ந்து எத்தனை கல்ல ரெண்டா உடைச்சேன். செருப்புக் காலோட மேல ஏறி நின்னேனேக்கா.

— வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க. ஆமா, ஒவ்வொரு கல்லையும் எடுத்துத் தட்டித் தட்டிப் பாக்குறீங்களே, எதுக்கு?

— அதுவா, கை பழக்கம். நல்லா இறுகின கல்லுன்னா கணீர்னு பேசும்.

— அவருக்கும் தட்டுற பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிஞ்சு விடியக்காலம் வருவாரு. கதவத் தட்டினா புள்ள முழிச்சுக்கும்னு, என் தலைமாட்டுச் சுவத்துல விரலால தட்டுவாரு. இந்தா, இப்படி. டொக்... டொக்டொக்... டொக். நான் எந்திரிச்சுப் போய் தொறப்பேன். உடம்பெல்லாம் சாம்பலா நின்னுக்கிட்டு சிரிப்பாரு.

— இன்னொரு தடவ தட்டுங்கக்கா.

— டொக்... டொக்டொக்... டொக். ஏன் மேஸ்திரி, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?

— வெயிலுக்கா.

— நிழல்லதானே நிக்கிறீங்க?

— எங்க வீட்ல நீங்க எந்தச் சுவத்தத் தொட்டீங்க?

— முன்னால இருக்குற சுவத்தத்தான். உள் ரூம்ல தூளி கட்டியிருக்கு, குழந்தை தூங்குதுன்னு உங்க வீட்டுக்காரி விடல.

— அக்கா, இந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.

— பூசாம விட முடியாதுன்னா நேரா சொல்லுங்க மேஸ்திரி. யார் கால்ல விழணுமோ நான் விழுந்துக்கறேன்.

— அதுக்கில்ல. இங்க நாங்க வந்துடறோம். எங்க வீட்ட நீங்க எடுத்துக்குங்க. கம்பெனி என்ன சொன்னாலும் சரி, நான் பாத்துக்கறேன். உள் ரூம்ல பூசினதக்கூட என் கையாலேயே கொத்தி எடுத்துக் குடுத்துடறேன்.

— குழந்தை பொறந்த வீடு. அத எதுக்கு எனக்குக் குடுக்குறீங்க?

— விடியக்காலம் ஷிப்ட் முடிஞ்சு சங்கு ஊதினதும் தூளிக்குப் பக்கத்துச் சுவத்துல ஒரு சத்தம் வரும்க்கா. பல்லி, எலின்னு நான்தான் வாய்க்கு வந்ததச் சொல்லிக்கிட்டிருந்தேன். அவ கேக்காம தெனமும் எந்திரிச்சுப் போய்க் கதவத் தொறந்து பாக்குறா. பாவம்க்கா அவரு. தட்டும்போதெல்லாம் வேற யாரோ வந்து தொறக்குறாங்க.