சாமி வராத கச்சேரி

திருத்தணியில் ரயில் ஏறினேன். எதிரே ஓர் அக்காவும் தம்பியும். காலடியில் துணி சுற்றிய பம்பை மேளம். பக்கத்தில் பூக்கூடையோடு அவர்களுக்குத் தெரிந்த அம்மாள்.

"மெட்ராஸ்ல கச்சேரி எப்டிம்மா?"

"சாமியே வரல அத்த. எங்க நிறுத்துறதுன்னே தெரியல," என்றாள் அக்கா. "கோயில்ல யாருக்காச்சும் சாமி வந்து ஆடினா நிறுத்துவோம். அங்க ஏசி ஹாலு. எல்லாரும் கால் மேல கால் போட்டுக்கினு போன்ல படம் புடிக்கிறாங்க. நான் பாடிக்கினே இருக்கேன், இவன் அடிச்சிக்கினே இருக்கான்."

"எனுக்குக் கை விட்டுப்போச்சு," என்றான் தம்பி. "வேற வழியில்லாம நானே சாமி வந்த மாதிரி ஆடிட்டேன்."

"அடப்பாவி!"

"நான் நெஜம்னு பயந்துட்டேன் அத்த. கையெடுத்துக் கும்பிட்டு, 'யாரு தாயே வந்திருக்கிறது?'ன்னு கேட்டேன்."

"'நாந்தான்க்கா, போதும் நிறுத்து'ன்னேன்."

"அது மைக்ல கேட்டுச்சு. ஒரே கைத்தட்டல்."

பூக்காரம்மாள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "இப்போ பெங்களூருக்குக் கூப்டிருக்காங்க. பாட்டு, மேளம் எல்லாம் நம்ம இஷ்டமாம். அந்தச் சாமி மட்டும் கண்டிப்பா வரணுமாம்."