ஏழாம் படுக்கையின் மணி

அகில உலகத்துக்கும் ஓர் அறிவிப்பு: கணினிக்குள் மணி அடித்தால், யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பார்த்தே ஆக வேண்டும். இருபத்தாறு வருட உழைப்பில் நான் கண்டடைந்த பேருண்மை இது. இதற்காக ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். வீட்டில் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் கேட்டதால் விளக்கமாகவே சொல்கிறேன், ஐயா. அந்தப் பராமரிப்பு இல்லத்தில் இருபது படுக்கைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அழைப்புப் பொத்தான். அமுக்கினால் அதன் கம்பி வழியாகக் கணினிக்கு ஒரு குறுக்கீடு போகும்: கையிலிருக்கும் வேலையை வை, என்னைக் கவனி என்று. எந்தக் கம்பிக்கு எந்த நிரல் ஓடிவர வேண்டும் என்று கெர்னலுக்குள், அதாவது கணினியின் அடிமடியில், ஓர் அட்டவணை உண்டு. அதை எழுதியவன் நான். ஏழாம் படுக்கையில் கிடந்தவர் என் அண்ணன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு இடது கை ஒன்றுதான் மிச்சம். பொத்தானுக்கு அது போதும். குறுக்கிடுவது அவருக்குப் பிறவிக் குணம். என் முதல் வேலைக்கான நேர்காணலில் கதவைத் திறந்து தலையை நீட்டி, “தம்பிக்குக் கொஞ்சம் கூச்சம், சத்தமா கேளுங்க சார்” என்றவர்.

இல்லத்தில் எங்கள் அழைப்புமணி அமைப்பைத் தொடங்கிவைக்க நிறுவன இயக்குநர் வந்தார். மனிதநேயத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பின்னால் பெரிய திரையில் அவர் முகம். அதன் குறுக்கே மூன்று முறை சிவப்புப் பட்டை விழுந்தது: ‘ஏழாம் படுக்கை அழைக்கிறது’. சிஸ்டர் ஓடினார். மின்விசிறியைக் குறைக்க வேண்டுமாம். திறந்த கதவு வழியே அண்ணனின் குழறல் கேட்டது.

“எல்லாம் என் தம்பி செஞ்சது. அவனுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக் குடுத்ததே நான்தான்.”

இயக்குநர் என்னைப் பார்த்தார். “என்னப்பா, மீதிய உங்க அண்ணனே பேசிடுவாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து அட்டவணையில் ஒரே ஒரு வரியை மாற்றினேன்.

ஏழாம் கம்பியை நாலு வரி நிரல் ஒன்றுக்குத் திருப்பினேன். அது கம்பியை அடக்கும்; ‘கவனித்தாயிற்று’ என்று கெர்னலிடம் சொல்லும்; திரும்பிவிடும். அப்படிச் சொல்லியாக வேண்டும். அழைப்பு வந்துகொண்டே இருந்து யாரும் ஏற்காவிட்டால், ‘இதை யாரும் கவனிக்கவில்லை’ என்று கெர்னலே புகார் எழுதிவிடும். இயந்திரத்துக்கும் சூடு சொரணை உண்டு.

விழா முடிகிற வரைக்கும்தான் என்று நினைத்தேன். மறுநாள் சிஸ்டர் சொன்னார்: “உங்க அண்ணன் நேத்துலேருந்து ரொம்ப சமத்து, சார். கூப்பிடறதே இல்ல.” அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஒரு நல்ல பெயர் அவருக்கும் இருக்கட்டுமே.

அண்ணனுக்கு மட்டும் சந்தேகம். “டேய், அமுக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் வரல. மணி அடிக்குதான்னு பாருடா.”

“அடிக்குதுண்ணே. நான் பாத்துக்கறேன்.”

அது பொய்யில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழைப்பை விழுங்கலாம், ஆனால் எத்தனை முறை வந்தது என்பதைக் கெர்னல் எண்ணாமல் விடாது. நீங்கள் கையில் வைத்திருக்கும் தாளின் ஏழாவது வரி அதுதான். என் அலுவலக மேசையிலிருந்தே அதைப் படிக்கலாம். சாதாரணமாக மணிக்கு நாலைந்து ஏறும். புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த நேரம், பத்து நிமிடத்தில் அறுபத்தொன்று ஏறியது. அவருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளும் என் மேசையில்தான் இருந்தது.

மின்விசிறியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன்.

அறுபத்தொன்றில் எண் நின்றது. இன்னும் கால் மணி நேரம் காத்திருந்தேன், ஏறவில்லை. அட்டவணையில் பழைய வரியைத் திரும்பப் போட்டேன். மாலையில் போய், காலியாகக் கிடந்த ஏழாம் படுக்கையின் பொத்தானை நானே அமுக்கிப் பார்த்தேன்.

மணி நன்றாக அடித்தது.