வடக்குத் தெருவுக்குச் சொன்னது

என் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஒரு விஷயத்தை எப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் மனதில் தைக்கும் என்பது எனக்குக் கைவந்த கலை. நீங்கள் கேட்பது எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கியது, இன்ஸ்பெக்டர் சார். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் முத்தமிழ். சொந்த ஊர் வரிச்சிக்குடி, இப்போது குடியிருப்பது தருமபுரம். ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். கடல் சூடாகிறது, காற்று முன்போலப் பருவம் பார்த்து வருவதில்லை என்று விஞ்ஞானிகள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. காரணம், அவர்கள் எண்களில் பேசுகிறார்கள். அதையே கதையாக, பாட்டாக, நாடகமாகச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்பது என் கட்சி. அதை நிரூபிக்கத்தான் கருக்களாச்சேரிக்குப் போனேன்.

அங்கே வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் கோயில் திருவிழாவில் வந்த மனக்கசப்பு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஊருக்கு அது கஷ்டம்தான். ஆய்வுக்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. ஒரு தெருவில் சொல்வது மறு தெருவுக்குப் போகாது அல்லவா? இரண்டு தெருவுக்கும் தனித்தனி வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். வானிலை அறிக்கையை வடக்குத் தெருவுக்கு அப்படியே அனுப்புவேன்: காற்றின் வேகம் இவ்வளவு, அலையின் உயரம் இவ்வளவு. தெற்குத் தெருவுக்கு அதே அறிக்கையைக் கதையாக எழுதுவேன். செங்கமலம் என்று ஒரு மீன்காரப் பெண்ணைக் கற்பனை செய்திருந்தேன். என் ஆய்வு மாணவி பஹீமா அவள் குரலில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். தெற்குத் தெருப் பெண்கள் மீன் அரிந்துகொண்டே செங்கமலத்தின் வம்பைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

வடக்குத் தெருவில் எண்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் என்னை நம்பினார்கள். அதிலும் கார்முகில் என்ற படகுக்காரன் என்னிடம் உயிராக இருந்தான். எனக்கும் அவனை ரொம்பப் பிடிக்கும். அவன் மனைவி அல்லி ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “பெரிய காத்து வந்தா சார் சொல்லாமலா இருக்கப் போறாரு” என்றாள்.

மாதக்கணக்கில் கடல் சாதுவாகக் கிடந்தது. இரண்டு தெருவும் ஒன்றுபோலக் கடலுக்குப் போயின, ஒன்றுபோலத் திரும்பின. அப்படிப்பட்ட நாட்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஐப்பசியில் ஒரு மதியம் அந்த அறிக்கை வந்தது. மாலையிலிருந்து பலத்த காற்று. வடக்குத் தெருவுக்கு எண்களை அனுப்பினேன். தெற்குத் தெருவுக்குச் செங்கமலம் பேசினாள்: “ஏண்டியம்மா, இன்னிக்கி காத்து கொலவெறில நிக்கிது. ஒங்க வீட்டு ஆம்பளைய வாசப்படி தாண்ட விட்டுட்டு அப்புறம் மாருல அடிச்சிக்கிட்டு எங்கிட்ட வராதீங்க.”

பேசி முடித்த பஹீமா எழுந்து போகவில்லை. “சார், வடக்குத் தெருவுக்கும் இதையே அனுப்பிடலாம் சார்” என்றாள்.

“அனுப்பினா இத்தன மாசம் செஞ்சதெல்லாம் வீணும்மா.”

“அல்லாவுக்காகக் கேக்குறேன் சார். ஆராய்ச்சிய இன்னொரு நாள் பாத்துக்கலாம். மனுச உசுரு சார்.”

பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இன்று வடக்குத் தெரு கொஞ்சம் கஷ்டப்பட்டாலும், இந்த முடிவு வெளியே போனால் நாளைக்கு எத்தனையோ கடற்கரைகள் பிழைக்கும். அவள் அழுதாள். கண்ணீரோடு போனில் ஏதாவது செய்துவிடுவாள் என்று தோன்றியதால் அவளை இரண்டு குழுவிலிருந்தும் நீக்கினேன். போனையும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அறைக்கதவைப் பூட்டவில்லை. அவள் அப்படிச் சொல்லியிருந்தால் அது மிகை.

தெற்குத் தெருவிலிருந்து ஒரு படகும் இறங்கவில்லை. பெண்கள் வாசலில் மறித்து நின்றார்களாம். வடக்குத் தெருவில் எல்லோரும் போனார்கள். முக்கால்வாசிப் பேர் அடிபட்டு, வலையை இழந்து கரைசேர்ந்தார்கள். கார்முகிலின் படகு மட்டும் வரவில்லை. இவ்வளவு தெளிவான முடிவு என் துறையில் யாருக்கும் கிடைத்ததில்லை.

நீங்கள் ‘எச்சரிக்கையை மறைத்தார்’ என்று எழுதுகிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். நான் எதையும் மறைக்கவில்லை. எண்கள் சரியாக, நேரத்துக்குப் போயின. எண்ணும் எச்சரிக்கைதான்.

கரை ஒதுங்கிய கார்முகிலின் உடலைக் கிடத்தியிருந்தபோது அல்லி என் சட்டையைப் பிடித்தாள். “தெக்குத் தெருவுக்கு மட்டும் போவாதீங்கன்னு சொன்னீங்களாமே. நாங்க மனுசங்க இல்லீங்களா சார்?” என்றாள். அவள் கையை மெல்ல விலக்கினேன். துக்கத்தில் இருப்பவரிடம் எதைச் சொன்னாலும் ஏறாது.

அன்று மாலை கார்முகில் எனக்கு எதற்குப் போன் செய்தான் என்று கேட்டீர்கள். ஒரு நாடகத்துக்காக அலைச்சத்தம் பதிவு செய்ய, அன்று நானும் அவன் படகில் போவதாக இருந்தது. “சார், எறங்கப் போறோம், எங்க இருக்கீங்க? காத்து ஒருமாதிரியா இருக்கு, போலாங்களா?” என்றான்.

“குரூப்புல போட்டிருக்கேன், பாருப்பா.”

“அது நம்பரா இருக்கு சார், நமக்கு என்ன வெளங்குது. நீங்க வர்றீங்கள்ல, அது போதும்.”

காய்ச்சல், வர முடியவில்லை என்றேன். அப்போதும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. “ஒடம்பப் பாத்துக்குங்க சார். வரும்போது நண்டு எடுத்தாறேன், ரசம் வச்சிக் குடிச்சா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அதை வேண்டுமானால் பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.