கடலுக்குப் போகாத நாள்

தலைய உள்ள இழு தம்பி. வலைக்கு அடியில மூச்சு முட்டும்தான், கவுச்சி அடிக்கும்தான். அதுக்காக எழுந்து ஒக்காந்தா எப்புடி? மெரைன் போலீஸு போட்டு பரங்கிப்பேட்டைப் பக்கம்தான் சுத்திக்கிட்டு இருக்கும். காரைக்கால் போய்ச் சேர்ற வரைக்கும் நீ மனுசன் இல்ல, வலையோட வலையா கெடக்கணும். ஆங், அப்புடித்தான்.

நீ ஏதோ சீட்டுக் கம்பெனி கேஸுன்னு ஒன்ன அனுப்பி வச்ச இளவரசு சொன்னான். நெல்லிக்குப்பத்துலேருந்து போன் போட்டு, ஒரு பையன் சீட்டு நடத்தி மாட்டிக்கிட்டான், காரைக்கால்ல எறக்கி வுட்டுடு ஜெயசீலான்னான். ஜெயசீலன்னா இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும், புதுச்சேரி சரக்கு ஏத்துற ஆளு. யாரு, என்னா, எதுக்குன்னு கேக்குற பழக்கமே கெடையாது. அட, பர்ச உள்ள வையி. காசெல்லாம் எறங்கும்போது பாத்துக்கலாம்.

என்னா? கடல்ல ஒரு போட்டையும் காணமா? நல்லாத்தான் கவனிச்சிருக்க. பாக்க ஆளு இல்லாம இருக்குது, நல்ல நேரம்னு நெனைக்கிற. நீ வயக்காட்டுப் பக்கந்தான? பேச்சே சொல்லுது, குமராட்சிப் பக்கம். கடக்கரையில பொறந்தவனா இருந்தா இந்தக் காலிக் கடலப் பாத்ததும் கரையில யாருக்கு என்னாச்சுன்னு கேட்டிருப்ப. ஆவணி மாசத்துல, மீன் ஓடுற நாள்ல, கடலு இப்புடிக் கெடந்தா கரையில எழவுன்னு அர்த்தம். எங்க பழக்கம் அது. ஊருல ஒரு உசுரு போச்சுன்னா காரியம் முடியற வரைக்கும் ஒரு போட்டும் எறங்காது. எங்க ஊருத் தலைவர நாட்டாருன்னு சொல்லுவோம், அவரு சொன்னா சொன்னதுதான். மீறி எறங்குனவன் வலைய அறுத்துப் போட்டுடுவாங்க.

இன்னிக்கு யாரு செத்தாங்களா? சொல்றேன், சொல்றேன். இன்னும் எவ்ளோ தூரம் இருக்குது.

அந்தப் பழக்கத்துல ஒரு கோளாறு இருக்குது பாரு. ஒன் ஊருல செத்தாத்தான் நீ நிறுத்துவ. பக்கத்து ஊருல செத்தா அது அவன் எழவு, ஒனக்கென்னா? போன தையில அதுதான் நடந்துச்சு.

பஸ்ஸுல குண்டு வெடிச்சது ஞாபகம் இருக்குதா? இல்லாம எப்புடி, நீயும் இந்தப் பக்கத்து ஆளுதான. சிதம்பரத்துலேருந்து சாயங்காலம் கெளம்புன தனியார் பஸ்ஸு. சீட்டுக்கு அடியில டிபன் கேரியர்ல வச்சிருந்தானுங்க. ஏதோ இயக்கமாம், ஜனங்கள எழுப்பப் போறானுங்களாம், பொணம் வுழுந்தாத்தான் கவருமெண்டு திரும்பிப் பாக்கும்னு நோட்டீஸு வேற அடிச்சானுங்க. ஒம்போது பேரு போனாங்க தம்பி. நடவுக்குப் போயிட்டு சேத்துக் காலோட ஏறுன பொம்பளைங்க. கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துட்டு வந்த புருசன் பொண்டாட்டி. பரங்கிப்பேட்டை பாயோட மருமவன். நர்ஸு படிச்ச ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு புன்னைமேட்டுக் குப்பம், காசிநாதன்னு ஒரு மீன்புடிக்கிறவனோட மவ. தமிழினின்னு பேரு.

ஆஸ்பத்திரி வாசல நீ பாத்திருக்கணும். உள்ள எல்லாப் பொணமும் ஒரே வரிசையில கெடக்குது. வெளிய ஜனம் தனித்தனிக் கும்பலா நிக்குது. அவன் ஊருக்காரன் அவனோட, அவன் சாதிக்காரன் அவனோட, கட்சிக்காரன் கரைவேட்டியோட தனியா. பக்கத்துல அழுவுறவள ஒருத்தியும் ஏறிட்டுப் பாக்கல. பாயிங்கதான் பண்ணியிருப்பானுங்கன்னு எவனோ கெளப்பி வுட்டான். அவ்ளோதான், போயி பரங்கிப்பேட்டை பாயி கடைக் கண்ணாடிய ஒடச்சாங்க. அந்த மனுசன் கடையிலயே இல்ல. மருமவன் பொணத்த வாங்க அதே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு.

அப்பறம் போலீஸு பேரு சொன்னுச்சு. மணவாளன், குமராட்சிப் பக்கத்துப் பையன்னு. கண்ணாடி ஒடச்சவன்லாம் ஒடனே பேச்ச மாத்திட்டான். நம்ம பையன் அப்புடிப் பண்ண மாட்டான், பொய் கேஸுன்னுட்டான். சாதிக்காரன் அவன் மூஞ்சியப் போட்டுப் போஸ்டர் அடிச்சான். எலெக்ஷன் வருதுன்னு கட்சிக்காரன் வாயப் பொத்திக்கிட்டான். டிவியில நாலு பேரு ஒக்காந்து ஒருத்தன ஒருத்தன் கிழிச்சானுங்க. செத்தவங்க பேர ஒருத்தனும் சொல்லல. குண்டு வச்சவன் அந்நேரம் எங்கியாச்சும் கால் மேல கால் போட்டு டீ குடிச்சிக்கிட்டே அதப் பாத்திருப்பான்.

என்னா இருமுற? நூலு தொண்டையில போச்சா? தண்ணி பாட்டிலு தலைமாட்டுல இருக்குது பாரு.

மத்தவனச் சொல்லி என்னா, மீன்புடிக்கிற நாங்க மட்டும் யோக்கியமா? ஜெயசீலன் ஊரு தாழஞ்சேரி. அதுக்கும் புன்னைமேட்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான். ஆனா சுருக்குமடி வலையால பகை. தாழஞ்சேரி அந்த வலையப் போடும். குஞ்சு குளுவான்லேருந்து எல்லாத்தையும் வழிச்சிக்கிட்டுப் போவுது, போடக்கூடாதுன்னு புன்னைமேடு சண்டைக்கு வரும். ஒரு வாட்டி புன்னைமேட்டுக்காரனுங்க வந்து கரையில கெடந்த வலைய எல்லாம் கொளுத்திட்டுப் போயிட்டானுங்க. ஜெயசீலன் வலையும் அதுல போச்சு. ஒரு வலை போனா ஒரு குடும்பம் எந்திரிக்க எத்தினி வருசம் ஆவும்னு ஒனக்குத் தெரியாது.

அந்த ஆத்திரம் உள்ளயே கெடந்துச்சு. தமிழினிய எரிச்ச அன்னிக்குப் புன்னைமேட்டுல ஒரு போட்டும் எறங்கல. தாழஞ்சேரி எறங்குச்சு. அவன் எழவுக்கு நாம ஏன் பட்டினி கெடக்கணும்னு நாட்டாரு சொல்லிட்டாரு. வலைய எரிச்சவன் வீட்டு எழவுதானன்னு எல்லாருக்கும் அது சரியாத்தான் பட்டுது. காசிநாதன் மவளுக்குக் கொள்ளி வச்சிட்டுத் திரும்புறான், கண்ணுக்கு எதுர வரிசையா போட்டுப் போவுது. ஒருத்தன் பாட்டு வேற போட்டுக்கிட்டுப் போறான்.

அன்னிக்கு ஆரம்பிச்சுது அந்த ஆளுக்கு. குண்டு வச்சவன் மேல இருந்த கோவத்த வுட தாழஞ்சேரி மேல ஜாஸ்தி. ஏன்னு கேளு. குண்டு வச்சவன் மூஞ்சிய அவன் நேர்ல பாத்ததே இல்ல. தாழஞ்சேரிக்காரன் மூஞ்சிய தெனமும் கடல்ல பாக்குறான். கைக்கு எட்டுறவன் மேலதான கோவம் பாயும்? ரெண்டு போட்டக் கயிறு அறுத்து வுட்டான். ஒருத்தன் மண்டைய ஒடச்சான். அவுங்க திரும்ப வந்து இவன் ஊரு ஆளு ஒருத்தன் கைய முறிச்சாங்க. ஏழு மாசம், கேஸு, ஸ்டேஷன், பஞ்சாயத்துன்னே போச்சு. பஸ்ஸப் பத்தி எவனும் பேசல. அந்த மணவாளன் ஒரே ஒரு டிபன் கேரியர்தான் வச்சான் தம்பி. மிச்ச வேலைய நாங்களே பாத்துக் குடுத்துட்டோம்.

படுத்துக் கெட, தலைய எங்க தூக்குற? வெயிலு மாறுதா? ஆமா, இவ்ளோ நேரம் இடது பக்கம் அடிச்சுது, இப்ப முதுகுல அடிக்குது. இங்க ஆத்து மொகத்துவாரம் வருது, மணல் மேடு. கொஞ்சம் ஓரமா வாங்கித்தான் போவணும். ஒனக்குக் கடலப் பத்தி என்னா தெரியும், பேசாம படு.

அந்தக் காசிநாதன் கையில அவன் கெடச்சா என்னா பண்ணுவான் தெரியுமா? வலை இழுக்கும்போதெல்லாம் அதையேதான் நெனப்பான். இடுப்புல நங்கூரக் கயிறக் கட்டி எறக்கணும். ஒரேடியா இல்ல. எறக்கி எறக்கித் தூக்கணும். தூக்கும்போதெல்லாம் பேரு கேக்கணும். செத்த ஒம்போது பேரு பேரையும் அவன் வாயால சொல்லணும். ஒண்ணு வுட்டாலும் மறுபடி உள்ள. அந்தப் பொண்ணு கால்ல கெடந்த கொலுச வச்சித்தான் பொணத்தையே அடையாளம் சொன்னான் அந்த அப்பன். குண்டு வச்சவனுக்குத் தண்ணியில முக்கி எடுக்குறதெல்லாம் பத்தாது. ஆனா அத வுட்டா வேற என்னா தெரியும் மீன்புடிக்கிறவனுக்கு?

ஒம்போதுல ஒரு பேராச்சும் அந்த மணவாளனுக்குத் தெரிஞ்சிருக்குமா? நீ சொல்லு, ஒனக்குத் தெரியுமா? தமிழினி, அது இப்ப நான் சொன்னது. மிச்சம்? ஒண்ணும் தெரியாதா? சரி சரி, நீ சீட்டு கேஸு, ஒனக்கு எதுக்குத் தெரியணும்.

பகையாளி மனசுல இருக்கறதெல்லாம் எனக்கு எப்புடித் தெரியும்னா கேக்குற? புத்தி இருக்குது ஒனக்கு. கேளு.

இந்த இளவரசு ஒரு வேல பண்ணான். போட்டுல ஏத்த வேண்டிய ஆளு இவந்தான்னு ஜெயசீலனுக்கு வாட்ஸப்புல போட்டோ அனுப்புனான். ஜெயசீலன் சரக்கு ஏத்துறவன்தான், தில்லுமுல்லுக்காரன்தான். ஆனா ஸ்டேஷனுக்குப் போயிப் போயி செவுத்துல ஒட்டியிருக்குற மூஞ்சியெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பாத்தான். போனோட நேரா நடந்து புன்னைமேட்டுக்கு வந்தான். தனியா, பட்டப்பகல்ல, தன் வலைய எரிச்ச ஊருக்குள்ள. காசிநாதன் கத்தியத் தூக்கிட்டு வெளிய வந்துட்டான். வெட்டுறதுன்னா வெட்டிக்க, அதுக்கு முன்னாடி இந்த போட்டோவப் பாருன்னு போன நீட்டுனான் ஜெயசீலன். அன்னிக்கு ஒன் பொண்ணு எரியறப்ப நான் கடலுக்குப் போனேன் மச்சான், என் போட்ட எடுத்துக்க, நீ போயி அவன ஏத்துன்னான்.

எங்க பின்னாடி நவுருற, சுத்திலும் தண்ணிதான். ஜெயசீலன ஏன் அவன் இவன்னு சொல்றேன்னு பாக்குறியா. நான் ஜெயசீலன்னு ஒங்கிட்ட எப்ப சொன்னேன்? நீயா ஜெயசீலண்ணே, ஜெயசீலண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டே ஏறுன.

அந்தக் கயிறு அதோ, ஒன் காலுக்குக் கீழதான் கெடக்குது, நங்கூரத்தோட. ரெடியாத்தான் வச்சிருந்தேன். கொளஞ்சியம்மா கெடுத்துட்டா. தெரியுதா அந்தப் பேரு? ஒன் ஊருதான். அவ தங்கச்சி நடவுக்குப் போயிட்டு அந்த பஸ்ஸுல வந்தா. ஒன் போஸ்டர் ஒட்டுன தெருவுலதான் அவ குடியிருக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல பக்கத்துல நின்னு அழுதவ, அன்னிக்கு நான் பாக்கல, அப்பறம் சர்டிபிகேட்டு வாங்க அலையும்போதுதான் பேசுனோம். முந்தாநேத்து போயிச் சொன்னேன், அவன் கெடச்சிட்டான், கடல்ல வச்சி முடிச்சிட்டு வர்றேன்னு. சந்தோசப்படுவான்னு பாத்தேன். அய்யய்யோ, கொன்னுடாதய்யான்னு கையப் புடிச்சிக்கிட்டா. நீ கொன்னா எங்க தெருவுல அவனுக்குச் செல வைப்பானுங்க. மீன்காரன் நம்ம பையனக் கொன்னுட்டான்னு கெளம்புவானுங்க, நீங்க திருப்பி அடிப்பீங்க, என் தங்கச்சிக்காக அழக்கூட நான் வெளிய வர முடியாது. உசுரோட கொண்டா, நான் வந்து நிக்கிறேன், இவன்தான்னு கை காட்டுறேன்னா. அவ புருசன், அவ தெரு, எல்லாத்தையும் மீறி வர்றேன்னா.

எனக்கு வவுறு எரியுது தம்பி. இப்பவும் எரியுது. கடல்ல யாரும் இல்ல, நீயும் நானுந்தான். கயிறும் இருக்குது. ஆனா வாக்கு குடுத்துட்டேன். துக்கத்துக்கு ஒண்ணு சேராத ஜனம் ஒன் மேல இருக்குற வெறியில சேந்திருக்குது, அத நான் ஒருத்தன் கெடுக்கக் கூடாது. நாளைக்கே சுருக்குமடிக்கு மறுபடி அடிச்சிப்போம், அது வேற. இன்னிக்கு ஒரு நாளு ஒனக்காக.

இப்ப எழுந்து ஒக்காரு. இனிமே ஒளிய வேணாம். மணல் மேடும் இல்ல ஒண்ணும் இல்ல, கரைதான். செவப்புச் சட்டை, முன்னாடி நிக்கிறான் பாரு, அவந்தான் ஜெயசீலன். வெள்ளத் தொப்பி, அந்தப் பரங்கிப்பேட்டை பாயி. அவரு பக்கத்துல கொளஞ்சியம்மா. அவளோட நாலு பொம்பளைங்க வந்திருக்காங்க, ஒன் தெருவுலேருந்து. இந்தப் பக்கம் முழுக்கப் புன்னைமேடு, அந்தப் பக்கம் முழுக்கத் தாழஞ்சேரி. இன்ஸ்பெக்டரும் வந்திருக்காரு, கடைசியில நிக்கிறாரு. அவருக்குத்தான் ஒன்னக் குடுக்கப் போறோம், கடைசியா.

யாரு செத்துட்டாங்கன்னு அப்பவே கேட்டியே. எம் பொண்ணுதான். ஏழு மாசம் கழிச்சி இன்னிக்குத்தான் தாழஞ்சேரிக்காரன் அவளுக்காகக் கடலுக்குப் போகாம நிக்கிறான்.

கரையில ஒன்னப் பேரு கேப்பாங்க மணவாளா. ஒண்ணு ஒனக்கு நான் சொல்லிக் குடுத்துட்டேன், அதுலேருந்து ஆரம்பி. ம், எறங்கு. முழங்கால் தண்ணிதான்.