சனிக்கிழமைக்கு ஒரு துப்பாக்கி

இல்ல தம்பி, இது வேணாம். கீழ வை. தூக்கும்போதே தெரியுது, பொம்மக் கடையில வாங்கினாப்ல இருக்கு. கட்ட பூரா பிளாஸ்டிக்கு, தோள்ல வச்சா வழுக்குது. சீ! நவம்பர் குளிர்ல இதக் கன்னத்தோட ஒட்டி வச்சிப் பாத்திருக்கியா நீ? செத்த மீன ஒட்டி வச்சாப்ல இருக்கும். எவன் இதெல்லாம் செய்யறான்... சரி சரி, நீ செய்யல. உன்னத் திட்டல. அடுத்தத எடு.

இதுவா? ம், இது மரம். பாக்க லட்சணமாத்தான் இருக்கு. காலிதானே? தோட்டா டப்பாவக் கழட்டிட்டேன்னு சொல்லாத, உள்ள தொறந்து காட்டு. வெரல விட்டுப் பாரு. ம், சரி. டப்பாவக் கழட்டினா காலின்னு நெனச்சிக்கிட்டு எத்தன பேரு வீட்டுக் கூரைய ஓட்ட போட்டிருக்கான் தெரியுமா? உள்ள ஒண்ணு ஏறி ஒக்காந்திருக்கும், மறந்துடுவானுங்க. எங்க பக்கத்து வீட்டு ஹோபர்ட்டு அவன் ட்ரக்கு கதவையே சுட்டான். இன்னிக்கும் அந்த ஓட்டையில டேப்ப ஒட்டிக்கிட்டுத்தான் ஓட்டிட்டுத் திரியறான். அப்பேர்ப்பட்டவன் எனக்குத் துப்பாக்கி பத்திப் பாடம் எடுக்கறான், த்தூ.

குடு பாப்போம்... அய்யய்ய. ட்ரிகரா இது? இழுக்கறேன், இழுக்கறேன், வரவே மாட்டேங்குது. அடம் புடிக்கற கன்னுக்குட்டியக் கவுத்துல கட்டி இழுக்கற மாதிரி இருக்கு. இவ்ளோ பலமா இழுத்தா மொன ஆடாதா? மொன ஆடினா குறி எங்க போயிச் சேரும்? ஒரு வெரக்கட தள்ளிப் பட்டாக்கூட என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாது தம்பி. தெரியவும் வேணாம். எடுத்துட்டுப் போ அந்தப் பக்கம்.

அது என்ன காகிதம்? ஓ, கம்பெனிக்காரன் சுட்டுப் பாத்த அட்டையா. அம்பது கஜத்துல அஞ்சு தோட்டா, அஞ்சும் ஒரு காசுக்குள்ள அடங்குது. ஆமா, அழகாத்தான் இருக்கு, யார் இல்லேன்னா? மேஜ மேல மண்ணு மூட்டய வச்சி, அதுல துப்பாக்கியப் படுக்க வச்சி, காத்தே வராத அறையில ஒக்காந்து சுட்டா எவன் வேணா சுடுவான். அட்ட உன்னத் திரும்பிப் பாக்குமா? பாக்காதில்ல. பெறகென்ன? அத ஃபிரேம் போட்டு நடுக்கூடத்துல மாட்டிக்கச் சொல்லு.

கோவிச்சுக்காத. சனிக்கிழமைக்குள்ள ஒண்ணு எடுத்தாகணும், அன்னிக்கு ஆறு பன்னி நிக்குது, அதான் எரிச்சல். நீ ஊருக்குள்ளயே இருக்கற ஆளு, எங்க பள்ளத்தாக்கு வழக்கம் ஒனக்குத் தெரியாது. பன்னி போடற நாள்ல எங்ககிட்ட ஒரே ஆளுதான் சுடுவான். அவனவன் பன்னிய அவனவனே சுட்டான்னா அந்த மிருகம் படாத பாடு படும். ஒரு ஆளு, ஒரு தோட்டா. கண்ணுக்கு மேல, நடு நெத்தியில. மிருகம் தரையில விழறதுக்குள்ள கத்தி. சத்தமே வரக்கூடாது. இருபத்தாறு வருஷமா அந்த ஆளு நாந்தான். ஒண்ணு கூடக் கத்தினதில்ல. அதுக்கு இந்தச் சின்னத் தோட்டாத் துப்பாக்கி போதும், பெருசா வேணாம். ஆனா குறி தப்பவே கூடாது. தப்பினா அடுத்த தோட்டா அந்த நிமிஷமே தானா ஏறி ரெடியா நிக்கணும்.

என்னது, பாஸ்டர் போன் பண்ணிட்டாரா? எப்போ? காலையிலயேவா! என்ன சொன்னாரு? வெலையப் பாக்காம இருக்கறதுலயே நல்லதாக் குடுன்னாரா. கருமம், கருமம்.

நீ அந்த ஞாயித்துக்கிழம கூத்தப் பாக்கல இல்ல? பிரசங்கம் முடிஞ்சிது. எந்திரிச்சிப் போலாம்னு தொப்பிய எடுக்கறேன், சகோதரர் ஆர்லிஸ் கொஞ்சம் முன்னால வரணும்ங்கறாரு பாஸ்டர். போயி நின்னேன். நம்ம எல்லார் வீட்டுக் கறிக்கும் ஒழச்ச மனுஷன், நேத்து அவரோட பழைய துப்பாக்கி அவரக் காலவாரி விட்டுடுச்சி, நாம எல்லாருஞ் சேந்து புதுசு ஒண்ணு வாங்கிக் குடுக்கப் போறோம்ங்கறாரு. ஒடனே கை தட்டறானுங்க பாரு. சர்ச்சுக்குள்ள! கர்த்தருக்குக் கூட இவனுங்க அப்பிடித் தட்டினதில்ல. ஹோபர்ட்டு எந்திரிச்சி நின்னு விசிலடிக்கறான். இடுப்பு ஒடஞ்ச மாவிஸ் அக்கா, அவங்க பன்னியத்தான் நான் அப்பிடிப் பண்ணி வச்சேன், அந்தம்மா கைத்தடிய ஊனிக்கிட்டு வந்து என் கையப் புடிச்சி, துப்பாக்கி செஞ்சதுக்கு நீ என்னப்பா பண்ணுவங்குது. தொப்பிய மாட்டிக்கிட்டு நேரா ட்ரக்குக்கு வந்துட்டேன்.

அத விடு. இன்னொண்ணு இருந்துச்சே, எடு. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல.

ம். கனம் சரியா இருக்கு. மலிவுத் தோட்டாவப் போட்டாலும் தின்னுமா? மெழுகு பூசின தோட்டா குளிர்ல பிசுபிசுன்னு ஒட்டும், அதுல பாதி துப்பாக்கி மண்டையப் போட்டுடும். என்னது, ஆயிரமா? ஆயிரத்துல ஒண்ணு கூட மாட்டலயா? யாரு சுட்டுப் பாத்தா? நீயேவா... ஓ. ட்ரிகரும் நல்லாத்தான் இருக்கு. தொட்டவொடனே விடுது. தோள்ல பாந்தமா ஒக்காருது. குறியும்... ம்.

இல்ல, வேணாம்.

ஏன்னா? ஏன்னா வேணாம். தோட்டா ஏத்தற இந்தக் கொக்கி எனக்குப் புடிக்கல. கறுப்பாப் பளபளன்னு இருக்கு, வெயில்ல கண்ணக் கூசும். என்ன சிரிக்கற? நவம்பர்ல வெயில் எங்க அடிக்குதுன்னு கேக்கறியா? வாய் ரொம்பத்தான் நீளுது ஒனக்கு. உங்க மொதலாளிகிட்டச் சொல்றேன் இரு.

பழசுக்கு என்ன ஆச்சா? எத்தன பேருக்குத்தான் சொல்றது. மாட்டிக்கிச்சு. மொத தோட்டா தாடையில பட்டுச்சி, ரெண்டாவது மாட்டிக்கிச்சு, அவ்ளோதான். இல்ல, கொண்டு வரல. ட்ரக்குலதான் கெடக்கு, அது எதுக்கு ஒனக்கு? போன வசந்தத்துல நீ கழட்டித் தொடச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சி, தெரியும். அப்பறம் கெட்டுப் போச்சு. இரும்புதானே, கெடாதா?

மாட்டின தோட்டாவா? அத வச்சி என்ன பண்ணப் போற? விளிம்புல துப்பாக்கி ஊசி குத்தின தடம் இருந்தும் வெடிக்கலேன்னா தோட்டா மேல தப்பு, இல்லேன்னா துப்பாக்கி மேல தப்பு. தெரியும்டா, எனக்கே சொல்லித் தரியா? சேத்துல எங்கயோ போயிடுச்சி. பாக்கல நான். அங்க ஒரு மிருகம் வாயெல்லாம் ரத்தமா சுத்திச் சுத்தி ஓடுது, நான் கீழ குனிஞ்சி தோட்டாவப் பொறுக்கிட்டு இருப்பனா?

நீ என்ன, போலீஸ்காரன் கணக்கா அப்பிடியே பாத்துக்கிட்டு நிக்கற?

வெளிய யாராச்சும் வராங்களா? இல்லியே? சரி, தொடச்சிக்கிட்டிருக்கற அந்தத் துணியக் கீழ போடு. கேளு. கேட்டுட்டு வாய மூடிக்க.

மே மாசம் மாவிஸ் அக்கா வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டாங்க. ஆசுபத்திரி, அப்பறம் மக வீடு. அவங்க பொட்டப் பன்னிக்கு அஞ்சு மாசம் நாந்தான் தீனி போட்டேன். பேரு வைக்கல. சத்தியமா வைக்கல, அந்த அளவுக்கு முட்டாளில்ல நான். ஏ பொண்ணுன்னு கூப்பிடுவேன், அவ்ளோதான். வாளிச் சத்தம் கேட்டா தொழுவத்துக் கோடியிலருந்து குலுங்கிக் குலுங்கி ஓடியாரும். காதுக்குப் பின்னால சொறிஞ்சி விட்டா அப்பிடியே என் கால் மேல சாஞ்சி படுத்துக்கும், எரநூறு ராத்தல் ஒடம்பு. பன்னிதானே? எல்லாப் பன்னியும் அப்பிடித்தான் பண்ணும். எனக்குத் தெரியாதா.

அதப் போடற அன்னிக்குக் காலையில வயிறு முட்டப் பன்னிக்கறியும் முட்டையும் தின்னுட்டுத்தான் கெளம்பினேன். இப்ப நெனச்சா எனக்கே என் மேல அருவருப்பா இருக்கு. கறி ஆகாத ஆளா இருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும். அங்க போனா தண்ணி கொதிக்குது, கத்தியெல்லாம் தீட்டி வச்சிருக்காங்க, எல்லாரும் காப்பியக் குடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. வழக்கம்போல ஒரு பிடி சோளத்த முன்னால போட்டேன். சோளத்தப் போட்டா தலையக் குனியும், தின்னுட்டு நிமிரும்போது சுடணும். எல்லாப் பன்னியும் குனியும். இது குனியல. சோளத்த விட்டுட்டு நேரா என்கிட்ட வந்துச்சி. வந்து துப்பாக்கி மொனைய மோந்து பாத்துச்சி.

நான் கண்ண மூடிக்கிட்டேன் தம்பி.

கண்ண மூடிக்கிட்டுத்தான் சுட்டேன். தாடையில பட்டு... அந்தச் சத்தம் இருக்கே. இருபத்தாறு வருஷத்துல கேக்காத சத்தம். துப்பாக்கி மேல ஒரு தப்புமில்ல. அடுத்த தோட்டா டக்குன்னு ஏறி ரெடியா நிக்குது, அது அதோட வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிது. என் வெரலுதான் மாட்டிக்கிச்சு. வரல. எல்லாரும் சுடு சுடுன்னு கத்தறாங்க. நான் கொக்கியப் பின்னால இழுத்து, நல்ல தோட்டாவச் சேத்துல தள்ளிட்டு, மாட்டிக்கிச்சு மாட்டிக்கிச்சுன்னு கத்தினேன். ஒரு ஆம்பள செய்யற வேலையா இது? அஞ்சு மாசம் சோறு போட்ட கையி, அதுக்கு ஒரு நல்ல சாவக் கூடக் குடுக்கல. குடுக்காததோட, பழியத் தூக்கி இரும்பு மேல போட்டேன். ச்சீ.

ரீத்தாதான் முடிச்சா. ஹோபர்ட்டு பொண்டாட்டி. ஏப்ரன் பையிலருந்து கைத்துப்பாக்கிய எடுத்துக்கிட்டு நேரா கிட்டப் போனா, ஒரே சுடு. கண்ணக் கூடச் சிமிட்டல. அப்பறம் குனிஞ்சி சேத்துலருந்து அந்தத் தோட்டாவ எடுத்தா. தொடச்சா. விளிம்ப ஒரு சுத்து சுத்திப் பாத்தா, ஊசி பட்ட தடமும் இல்ல, மாட்டி நசுங்கின தடமும் இல்ல. என்னப் பாத்தா. பாத்துட்டு அதப் பையில போட்டுக்கிட்டுக் கத்திய எடுக்கப் போயிட்டா. ஊரு கை தட்டினப்ப அவ மட்டும் பாட்டுப் பொஸ்தகத்தப் பெரட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா.

சொல்லிடலாம்தான். யார்ட்டப் போயிச் சொல்ல? ஹோபர்ட்டுகிட்டயா? என் சாவு வீட்டுல வந்து கூட அதச் சொல்லிச் சிரிப்பான் அவன். பன்னி மோந்து பாத்துச்சாம், ஆர்லிஸ் கண்ண மூடிக்கிட்டானாம்னு. இனிமே சுட மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. நேத்து ஹோபர்ட்டு தொழுவம் வழியாப் போனேன், அந்த ஆறும் வேலிகிட்ட வந்து நின்னு என்னயே பாக்குதுங்க. இதுங்களுக்கு நான் ஒரு வேள கூடத் தீனி போட்டதில்ல. இருந்தும் எனக்குத் தெரிஞ்சி போச்சு. சனிக்கிழம நான் மறுபடி கண்ண மூடுவேன். நீ எவ்ளோ நல்ல துப்பாக்கியக் குடுத்தாலும் மூடுவேன். நல்லதாக் குடுத்தா இன்னும் மோசம், அதுமேல பழி போடக் கூட முடியாது.

அந்த மூலையில செவப்புச் சீட்டு கட்டி ஒண்ணு தொங்குதே, அது என்ன?

வாங்கினவன் திருப்பிக் குடுத்ததா. ஒருத்தனா, ரெண்டு பேரா? மூணு பேரா! அப்பிடி என்ன கோளாறு அதுல? மொத தோட்டாவே உள்ள ஏறாதா. எப்பவாச்சும் தப்பித் தவறி ஏறுமா? நீ கழட்டி மாட்டியுமா ஏறல? வெடிச்சி யார் மூஞ்சியிலயும் அடிக்காதில்ல? சும்மா டிக்குன்னு சத்தம் வந்துட்டு நின்னுடும், அவ்ளோதானே. எடு, எடு அத. மொத தோட்டாவே போகலேன்னா ஒண்ணுக்கும் அடி படாது. ரீத்தா பக்கத்துலயே நிப்பா. சோளத்தத் தின்னு நிமிர்றதுக்குள்ள முடிச்சிடுவா அவ.

மரம் கூட நல்ல வால்நட்டு. பாஸ்டர் பாத்தா சந்தோஷப்படுவாரு.

அப்பிடிப் பாக்காத தம்பி. படிவத்த எடு, கையெழுத்துப் போடறேன். செவப்புச் சீட்ட மட்டும் கழட்டிடு. யாராச்சும் கேட்டா, ஆர்லிஸு கடையில இருக்கற அத்தனையையும் அலசிப் பாத்துட்டு, அவரே பொறுக்கி எடுத்ததுன்னு சொல்லு. அதுல ஒண்ணும் பொய்யில்லியே.