செண்பகவல்லி ஓட்டிய சிவப்பு டிராக்டர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் கால்நடை மருத்துவர் ஹுஸைஃபா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கோமதிசங்கர் அண்ணாச்சி அவர்களே, அவருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருக்கும் அவருடைய தம்பி விஜயசங்கர் அவர்களே, நம் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் உறுப்பினர்களே, தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்திருக்கும் சொந்தபந்தங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் சங்கத் தலைவி, கோமதிசங்கர் அண்ணாச்சியின் துணைவியார், அன்புக்குரிய செண்பகவல்லி அக்கா போன வாரம் மாரடைப்பால் நம்மை விட்டுப் போய்விட்டார். செயலாளர் என்ற முறையில் ஜெஸியாகிய நான் அழுதுகொண்டே பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அழுகையெல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட்டது. அக்காவைப் பற்றி வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சிரித்தால் கோபித்துக்கொள்கிற ஆளா அவர்? உரக்கச் சிரிக்கவில்லையே என்றுதான் கோபித்துக்கொள்வார்!

அண்ணாச்சி வீட்டில் ஒரு பழைய சிவப்பு டிராக்டர் இருப்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் தம்பி இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர்களுடைய தந்தை வாங்கியது. கூடவே ஒரு பழைய பேலரும் உண்டு. எங்கோ ஒரு மாட்டுப்பண்ணையை மூடியபோது ஏலத்தில் எடுத்து வந்தது. டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில் அதை மாட்டி இழுத்துப் போனால், வயலில் கிடக்கும் வைக்கோலை வாரி விழுங்கும், அமுக்கும், சணல் கயிற்றால் கட்டிப் பெட்டி பெட்டியாகப் பின்னால் தள்ளும். புது டிராக்டர்களின் தண்டில் அது பொருந்தாது. இந்த வண்டிக்கு அந்த இயந்திரம், அந்த இயந்திரத்துக்கு இந்த வண்டி!

தந்தை காலமானதும் பாகப்பிரிவினை நடந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? டிராக்டர் அண்ணனுக்கு. பேலர் தம்பிக்கு. பேச்சில் வார்த்தை தடித்துவிட்டது. "அவன் வந்து கேக்கட்டும், வண்டியத் தாரேன்" என்றார் அண்ணன். "அண்ணன் வந்து கேக்கட்டும், பேலரத் தாரேன்" என்றார் தம்பி. இரண்டு பேரும் கேட்கவில்லை. டிராக்டர் ஒரு கொட்டகையில் தூங்கியது, பேலர் இன்னொரு கொட்டகையில் தூங்கியது. வைக்கோல்? வயலிலேயே மழையில் நனைந்து மக்கியது.

நஷ்டம் அந்த வீட்டோடு நின்றதா? இல்லை! நம் சங்கத்து மாடுகளில் பாதிக்கு மேல் அந்த வயல்களின் வைக்கோலை நம்பித்தான் இருந்தன. மற்ற இடத்து வைக்கோலெல்லாம் லாரியில் செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடும். தீவனம் இல்லாமல் மாட்டை விற்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். என் மாட்டையும் விற்றுவிடலாம் என்று நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். அவ்வளவுதான்.

அது புரட்டாசி. கார் பருவ நெல் அறுவடை முடிந்து வைக்கோல் நன்றாகக் காய்ந்து கிடந்தது. குற்றாலம் மலையில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார். ரசம் ஊற்றிவிட்டு அக்கா சொல்கிறார்:

"நான் வைக்கோல் கட்டப் போறேன்."

"யாரு பேலர்ல?"

"உங்க தம்பி பேலர்ல."

"அவன் வந்து கேட்டானா?"

"இல்ல. நானும் அவர்ட்ட கேக்கப் போறதில்ல. மோர் அடுப்படில இருக்கு, ஊத்திக்கிடுங்க."

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்! முன்பு ஒருமுறை அண்ணாச்சிக்குக் கை முறிந்திருந்தபோது ஓட்டிப் பழகியவர்தான். ஆனால் சாலையில் தனியாக ஓட்டியதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அந்தச் சிவப்பு வண்டியில் அவர் வந்த காட்சியை நான் எப்படி மறப்பேன்? டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். தம்பி வீட்டுக் கொட்டகைக்குள் பின்பக்கமாக வண்டியை ஏற்றும்போது ஒரு முருங்கை மரத்தையும் சாய்த்துவிட்டார். விஜயசங்கர் பதறி ஓடி வந்தார்.

"மதினி, என்னது இது? அண்ணன் அனுப்பிச்சாரா?"

"அவுக அனுப்பி நான் வருவேனா? நானாத்தான் வந்தேன். தம்பி, வண்டி எங்க பங்கு, பேலர் உங்க பங்கு. மாட்டுக்கு இந்தப் பங்கெல்லாம் தெரியுமா? தண்ட மாட்டுங்க."

விஜயசங்கர் சாய்ந்து கிடந்த முருங்கையைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். மாட்டினார்.

வயலில் இறங்கியதும் அடுத்த சிக்கல். நெடுநாள் சும்மா கிடந்த பேலர் அல்லவா! முடிச்சு நிற்கவில்லை. வெளியே வந்த கட்டெல்லாம் பொலபொலவென்று அவிழ்ந்தது. முடிச்சுப் போடும் பாகத்தைச் சரிசெய்வது எப்போதும் அண்ணனின் வேலை. அந்த அண்ணன் எங்கே? சைக்கிளில் பின்னாலேயே வந்து, வாய்க்காலில் தண்ணீர் பார்ப்பதுபோல வரப்பில் நின்றுகொண்டிருந்தார்! ஒரு கட்டு அவிழ்ந்தது, பொறுத்துக்கொண்டார். இன்னொன்று அவிழ்ந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"ஏலே! கயிறு அறுக்குற கத்தியத் தொடைலே! துருவோட ஓடுது, கண்ணு தெரியலயா?"

"எல்லாம் எங்களுக்குத் தெரியும்!" என்றார் தம்பி. சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததும் அவிழ்ந்தது.

அக்கா எஞ்சினை நிறுத்தினார். கட்டுச் சுமக்க வந்திருந்த நாங்கள் பெண்கள் எல்லோரும் தலையில் சும்மாட்டோடு நின்று அவரையே பார்த்தோம். அக்கா இருக்கையிலிருந்து திரும்பிச் சொன்னார்:

"பேசி முடிங்க. நான் எவ்வளவு நேரம்னாலும் காத்திருப்பேன். மழை காத்திருக்குமா?"

கோமதிசங்கர் அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். வயலில் இறங்கி வந்து தம்பியிடம் கையை நீட்டினார். "ஸ்பேனர எடுலே" என்றார். வருடக்கணக்காகப் பேசாத அண்ணன் முகம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது! தம்பி எடுத்துக் கொடுத்தார். இரண்டு தலைகளும் அந்த இயந்திரத்துக்குள் குனிந்தன. நிமிர்ந்தபோது இருவர் மூக்கிலும் கிரீஸ். விஜயசங்கர் துண்டை எடுத்து அண்ணனின் மூக்கைத் துடைத்துவிட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு வந்த கட்டுகள் செங்கல்போல இறுகி வந்தன. தூறல் விழுந்தபோது கடைசி வரிசை மட்டும்தான் நனைந்தது. மற்றதெல்லாம் சங்கக் கொட்டகைக்குள்! உடம்பெல்லாம் வைக்கோல் அரிப்பு. "ஏட்டிகளா, ஏறுங்க" என்று அக்கா எங்களை டிரெய்லரில் ஏற்றி ஐந்தருவிக்கு ஓட்டிப் போனார். குளித்து முடித்து ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றோமே, அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அருவிச் சத்தம் கேட்டதா?

அந்த வருடம் ஒரு மாடுகூட விற்கப்படவில்லை. அடுத்த வருடமே அக்காவைத் தலைவியாக்கினோம். போன பங்குனி வரைக்கும் ஒவ்வொரு அறுவடைக்கும் அவர்தான் ஓட்டினார். அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒரே தட்டில் முறுக்குத் தின்றுகொண்டே போடுகிறார்கள். இதைவிடப் பெரிய சேவை வேறு என்ன வேண்டும்?

தலைவியே! எங்கள் செண்பகவல்லி அக்காவே! உங்கள் வேலை நிற்காது. நேற்று சகோதரர்கள் இருவரும் சங்கத்துக்கு வந்தார்கள். டிராக்டரும் பேலரும் இனி எல்லா உறுப்பினர் வயலுக்கும் வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டுவது யார் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். நீங்கள்தானே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள்! இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன்: நம் ஊர் மாடு எதையும் பசியோடு நிற்க விடமாட்டோம்.

தலைவர் அவர்களே, மௌன அஞ்சலி முடிந்ததும் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துவைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். வெளியே பாருங்கள், நல்ல வெயில். ஐந்தருவி சாலையோரம் அறுத்த வயலில் வைக்கோல் காய்ந்து கிடக்கிறது. நான் சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். எல்லோரும் நேராக வயலுக்கு வந்துவிடுங்கள்.